புத்தகக் குரூப்ல முதல் போஸ்ட் போடப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

போன வருஷம் ஒரு வாசிப்புக் குரூப்ல சேர்ந்தேன். படிச்சு முடிச்ச சூட்டோட ஒரு நாவலோட அட்டையை போட்டோ எடுத்து "அற்புதமான நாவல், அனைவரும் வாசிக்க வேண்டும்"னு போட்டு விட்டேன், ரெண்டு நாள் பெண்டிங்லயே கெடந்துட்டு ரிஜெக்ட் ஆயிடுச்சு. சரி நீளமா எழுதினா விடுவாங்க போலன்னு ரெண்டாவது தடவை கதை மொத்தத்தையும் எழுதினேன், கடைசில யார் சாகுறாங்கங்கிறது வரைக்கும். அது அப்ரூவ் ஆச்சு, ஆனா கமெண்ட்ல ஒரு அக்கா "தம்பி, நான் இப்பதான் 200-வது பக்கத்துல இருக்கேன், இனிமே எதுக்கு படிக்கணும்?"னு கேட்டாங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. மூணாவதா "இதோட பிடிஎஃப் யார்கிட்டயாவது இருக்கா"ன்னு கேட்டு ஒரு வாரம் மியூட் வாங்கினேன்.

இப்போ வேற ஒரு சின்ன குரூப்ல போஸ்ட் அப்ரூவ் பண்ற வேலை என் தலையில விழுந்திருக்கு. வர்றவங்க பாதிப் பேர் நான் பண்ண அதே மூணு தப்பைத்தான் வரிசை மாறாம பண்றாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா இன்பாக்ஸ்ல சொல்லிச் சொல்லி கை வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

ஒண்ணு மட்டும் ஆரம்பத்துலயே சொல்லிடுறேன். உங்க போஸ்டைப் பார்த்துட்டு எங்கேயோ ஒருத்தர் 400 ரூபா குடுத்து அந்தப் புக்கை வாங்குவார், வேலை முடிஞ்சு வந்து பத்து நாள் ராத்திரி உக்காந்து படிப்பார். அந்த 400 ரூபாயும் பத்து ராத்திரியும் ஞாபகம் இருந்தா கீழ இருக்கிறதுல பாதியை நீங்களாவே பண்ணிடுவீங்க.

1. எங்க சேர்றதுன்னு முடிவு பண்ணுங்க

நாலு இடம் இருக்கு, நாலும் நாலு விதம்.

ஃபேஸ்புக் குரூப்லதான் தமிழ்ல அதிகம் ஆள் இருக்காங்க, நீளமா எழுதலாம், பழைய போஸ்டைத் தேடலாம். சேரும்போது மூணு கேள்வி வரைக்கும் கேப்பாங்க, "கடைசியா படிச்ச புக் என்ன"ங்கிற மாதிரி. அதை காலியா விட்டுட்டு ரிக்வெஸ்ட் குடுக்கிறவங்கதான் "ஒரு மாசமா பெண்டிங்ல இருக்கு"ன்னு புலம்புறது. ஒரு வரி எழுதுங்க போதும். ப்ரொஃபைல் லாக் பண்ணி போட்டோவும் இல்லாம இருந்தா பல அட்மின் ஃபேக் ஐடின்னு நெனச்சுத் தள்ளிடுவாங்க, அப்படி இருந்தா அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதலா பதில் எழுதுங்க.

வாட்ஸாப் குரூப்ல பேச்சு சூடா இருக்கும், ஆனா நேத்துப் பேசினது இன்னைக்குக் கிடைக்காது. அதைவிட முக்கியம், ஒரு குரூப்ல 1024 பேர் வரைக்கும் இருக்கலாம், அத்தனை பேருக்கும் உங்க நம்பர் தெரியும். தெரியாத நம்பர்லருந்து "வணக்கம் தோழி, உங்கள் விமர்சனம் அருமை"ன்னு வர ஆரம்பிச்சு அப்புறம் அது வேற எங்கேயோ போறதை எங்க குரூப்ல நாலஞ்சு பேர் அனுபவிச்சிருக்காங்க. பொண்ணுங்க இதை யோசிச்சுட்டுச் சேருங்க.

டெலிகிராம்ல செட்டிங்ஸ்ல ப்ரைவசிக்குள்ள போயி போன் நம்பரை யாரும் பாக்காதபடி வைக்கலாம், யூசர்நேம் மட்டும் தெரியும். ஆனா புத்தகம்னு தேடினா வர்ற டெலிகிராம் குரூப்ல பாதி திருட்டு பிடிஎஃப் குடோன். அதைப் பத்தி ஒன்பதாவதுல சொல்றேன்.

குட்ரீட்ஸ்ங்கிற புக் தளம் அரட்டைக்கான இடம் இல்ல, நீங்க என்னைக்கு என்ன படிச்சீங்கன்னு வச்சிருக்கிற கணக்கு நோட்டு மாதிரி. 2013-லருந்து அமேசான் கையில இருக்கு. தமிழ்ப் புக்குக்கு ரிவ்யூ கம்மிதான், ஆனா நீங்க எழுதினது அஞ்சு வருஷம் கழிச்சும் அங்கேயே இருக்கும்.

பேசறதுக்கு ஒரு குரூப், கணக்கு வச்சுக்க குட்ரீட்ஸ். ரெண்டு போதும். நான் ஆர்வக்கோளாறுல ஒம்போது குரூப்ல சேர்ந்து மூணு மாசம் ஒரு புக்கும் படிக்கல, குரூப்பைத்தான் படிச்சேன்.

2. முதல் ரெண்டு வாரம் வாயைத் திறக்காதீங்க

மேல பின் பண்ணியிருக்கிற விதிமுறை போஸ்டை முழுசா படிங்க. சில குரூப்ல வாரத்துக்கு ஒரு போஸ்ட்தான், சில இடத்துல சொந்தக் கவிதை கூடாது, சில இடத்துல வாங்குற லிங்க் போட்டாலே தூக்கிடுவாங்க. இதெல்லாம் குரூப்புக்குக் குரூப் மாறும்.

அப்புறம் நீங்க எழுத நெனக்கிற புக்கை தேடிப் பாருங்க. தமிழ்ல ஒரு தடவை, இங்கிலீஷ் எழுத்துல ஒரு தடவை, ஆசிரியர் பேர்ல ஒரு தடவை. ஒற்றெழுத்து விட்டு விட்டுப் பேரை அடிக்கிறவங்க நெறைய, அதனால ஒரு தடவை தேடிட்டு "இதைப் பத்தி யாருமே எழுதல"ன்னு குதிச்சிடாதீங்க. போன வாரம்தான் ஒருத்தர் எழுதியிருக்கார்னா அவர் போஸ்டுக்குக் கீழ நாலு வரி கமெண்ட் போடுங்க. புதுப் போஸ்டைவிட நல்ல கமெண்டுக்குத்தான் சீக்கிரம் பேர் கெடைக்கும். எனக்கு இந்தக் குரூப்ல கெடச்ச நண்பர்கள் எல்லாருமே கமெண்ட்ல கெடச்சவங்கதான்.

3. எழுத உக்காரும்போது புக் கையில இருக்கணும்

தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடி பதிப்பு விவரம் அச்சடிச்சிருக்கிற பக்கம் இருக்கும்ல, அதுதான் உங்க டாக்குமெண்ட். அதுலருந்து எடுத்து எழுத வேண்டியது: புக் பேர், ஆசிரியர், மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், எந்த வருஷப் பதிப்பு, பக்கம், விலை, ஐஎஸ்பிஎன் (அந்தப் பதிப்போட அடையாள நம்பர்) இருந்தா அதுவும். எழுதுறதுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும். இது இல்லன்னா கமெண்ட்ல முப்பது பேர் "எந்தப் பதிப்பகம்?", "விலை என்ன?", "எங்க கிடைக்கும்?"னு கேப்பாங்க, நீங்க முப்பது தடவை பதில் சொல்லணும்.

இதுல நாலு எடத்துல வழுக்கி விழுவீங்க.

மொழிபெயர்ப்பாளர் பேரை விடுறது முதல் தப்பு, அதுதான் ரொம்பப் பெரிய தப்பும்கூட. ஒரே ரஷ்ய நாவலுக்கோ மலையாள நாவலுக்கோ தமிழ்ல ரெண்டு மூணு மொழிபெயர்ப்பு இருக்கும், ஒண்ணு தண்ணி மாதிரி ஓடும், இன்னொண்ணு பல்லுல கல்லு மாட்டின மாதிரி இருக்கும். நீங்க நல்லதைப் படிச்சுட்டு பேரைச் சொல்லாம விட்டா அடுத்தவர் போயி மத்ததை வாங்கிட்டு வந்து உங்களைத்தான் திட்டுவார். ஒரு வருஷம் உக்காந்து அந்தப் புக்கைத் தமிழாக்கினவர் பேரைச் சொல்றது மரியாதையும்கூட.

ரெண்டாவது, நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களோட புக். அதை யார் வேணா அச்சடிக்கலாம், அதனால ஒரே நாவல் பத்து பதிப்பகத்துல பத்து விலைல கெடைக்கும். சிலது எழுத்துப்பிழை மழையா இருக்கும், சிலது சுருக்கின பதிப்பு, ஆனா அட்டையில அது பொடி எழுத்துலதான் இருக்கும். நீங்க படிச்சது எதுன்னு சொல்லியே ஆகணும். நானே ஒரு தொடர்கதை நாவலை மலிவா இருக்குன்னு வாங்கிட்டு வந்து பாதி படிச்ச பிறகுதான் அது சுருக்கம்னு பாத்தேன்.

மூணாவது விலை. உங்க கையில இருக்கிறது 2011 பதிப்புன்னா அதுல போட்டிருக்கிற 120 ரூபா இன்னைக்கு விலை இல்ல. பதிப்பு வருஷத்தையும் சேர்த்துச் சொல்லிடுங்க, இல்லன்னா கடைக்காரர் ஏமாத்துறார்னு ஒருத்தர் சண்டைக்குப் போவார்.

நாலாவது ஐஎஸ்பிஎன். இப்ப வர்ற புக்ல 13 இலக்கம் இருக்கும், இந்தியப் புக்னா 978-81 இல்ல 978-93-ன்னு ஆரம்பிக்கும். அதை அப்படியே தேடினா சரியான பதிப்பு வந்து நிக்கும். பழைய தமிழ்ப் புக்ல பாதிக்கு நம்பரே இருக்காது, அது உங்க தப்பில்ல, பதிப்பகமும் வருஷமும் எழுதினா போதும்.

குட்ரீட்ஸ்ல உங்க தமிழ்ப் புக் இல்லன்னா நூலகர்கள்னு சொல்ற தன்னார்வலர்களோட குரூப் ஒண்ணு அங்கேயே இருக்கு, மேல சொன்ன விவரத்தோட அட்டைப் படத்தையும் வச்சு அங்க கேட்டா சேர்த்துக் குடுப்பாங்க. புக் பேரைத் தமிழ் எழுத்துலயே குடுங்க. ஆசிரியர் பேர் மட்டும் அங்க இங்கிலீஷ் எழுத்துலதான் முதல்ல வரும், தமிழ்ப் பேரை ரெண்டாவதா சேர்ப்பாங்க. எனக்கு ஒரு தடவை மறுநாளே சேர்த்தாங்க, இன்னொரு தடவை மூணு வாரம் ஆச்சு. உங்க ஷெல்ஃப்ல 50 புக்காவது சேர்ந்துட்டா நீங்களே நூலகரா விண்ணப்பிக்கலாம், தமிழ்ப் புக்குக்கு அங்க ஆள் ரொம்பத் தேவை.

4. டைப் பண்றது

ஃபேஸ்புக் ஆப்ல நேரா எழுதாதீங்க. நடுவுல ஒரு கால் வந்து திரும்பி வந்தா ஸ்க்ரீன் ரெஃப்ரெஷ் ஆகி ஒரு மணி நேர வேலை போயிடும், எனக்கு மூணு தடவை போயிருக்கு, மூணாவது தடவை அழுகையே வந்துடுச்சு. நோட்ஸ்ல எழுதி காப்பி பண்ணுங்க.

கீபோர்டு எது வேணா வச்சுக்கோங்க, செல்லினம், ஜிபோர்டு, கம்ப்யூட்டர்னா தமிழ்99. பேசி டைப் பண்றதும் இப்ப நல்லாவே வருது, ஆனா ற-ர, ழ-ள-ல சரி பாக்காம போட்டா புக் குரூப்ல கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. வாசிக்கிறவங்க கூட்டம் இல்லையா, எழுத்துப்பிழைனா பாம்பைப் பாத்த மாதிரி.

மேற்கோளுக்கு கூகுள் லென்ஸ்ல பக்கத்தைப் படம் புடிச்சா எழுத்தா மாத்திக் குடுத்துடும். அதை அப்படியே ஒட்டாதீங்க. துணைக்கால் வர வேண்டிய எடத்துல ர வந்திருக்கும், ண-ன மாறியிருக்கும், வரியோட கடைசில உடைஞ்ச சொல் ஒட்டாம கெடக்கும். ஒரு தடவை புக்கோட வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஆசிரியர் எழுதாத பிழையை அவர் பேர்ல போடறது பாவம்.

5. இனி போஸ்ட்

இதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தோம்.

முதல் மூணு வரிதான் எல்லாருக்கும் தெரியும், மிச்சம் "மேலும் பார்க்க"க்குள்ள போயிடும். அந்த மூணு வரியில "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் தேநீருடன்"னு ஆரம்பிச்சா தள்ளிட்டுப் போயிடுவாங்க. எந்தப் புக், எதைப் பத்தி, உங்களுக்குப் புடிச்சுதா இல்லையா, இதை அங்கேயே சொல்லிடுங்க. தேநீர் அப்புறம் குடிக்கலாம்.

அடுத்து கதைச் சுருக்கம். நாலஞ்சு வரி போதும். பின்னட்டையில என்ன இருக்கோ அதுக்கு மேல சொல்றதில்லன்னு ஒரு கணக்கு வச்சுக்கோங்க. பின்னட்டைன்னுதான் சொன்னேன், முன்னுரைன்னு சொல்லல, ஏன்னா நம்ம ஊர்ல முன்னுரை எழுதுற பெரியவங்க கதை மொத்தத்தையும் முதல் பத்து பக்கத்துலயே போட்டு உடைச்சிடுறாங்க. நான் இப்பல்லாம் முன்னுரையை கடைசிலதான் படிக்கிறேன்.

அதுக்கப்புறம்தான் உங்க கருத்து. "நடை அருமை", "கதாபாத்திரங்கள் மனதில் நிற்கின்றன", "கண்கள் குளமாயின" இந்த மூணும் எந்தப் புக்குக்கும் ஒட்டும், அதனால எந்தப் புக்கைப் பத்தியும் ஒண்ணும் சொல்லாது. அதுக்குப் பதிலா ஒரே ஒரு எடத்தை எடுத்துக்கோங்க. நான் ரிஜெக்ட் ஆன அந்த முதல் போஸ்டை அப்புறம் இப்படி மாத்தி எழுதினேன்:

"420 பக்கம். முதல் 80 பக்கம் ஊரும் உறவுமுறையும்தான், யார் யாருக்கு மாமா யார் சித்தப்பான்னு பேப்பர்ல எழுதி வச்சுத்தான் படிச்சேன், ரெண்டு தடவை மூடியும் வச்சேன். ஆடு திருடு போற எடம் வந்த பிறகு கீழ வைக்க முடியல. பேச்சு எல்லாம் வட்டார வழக்கு, தெக்கத்திக்காரங்களுக்கு பிரச்சினை இல்ல, மத்தவங்களுக்கு ஐம்பது பக்கம் வரைக்கும் கஷ்டமா இருக்கும். பொம்பளைங்க பேசுற எடம் எல்லாம் உயிரோட இருக்கு, ஆனா கடைசி இருபது பக்கம் அவசரமா முடிச்ச மாதிரி எனக்குத் தோணுச்சு. வேகமா ஓடுற கதை வேணும்னா இது வேண்டாம். குழந்தை சாகுற காட்சி ஒண்ணு இருக்கு, தாங்க மாட்டேன்னு நெனக்கிறவங்க தெரிஞ்சுட்டு எடுங்க."

அவ்ளோதான். ஒரு பெரிய வார்த்தை கெடையாது. ஆனா அதைப் படிச்சுட்டு பதினோரு பேர் வாங்கினதா கமெண்ட்ல சொன்னாங்க, ரெண்டு பேர் "நல்லவேளை சொன்னீங்க, எனக்கு இது ஆகாது"ன்னாங்க. அந்த ரெண்டு பேர் கமெண்ட்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது.

யாருக்கு ஆகும்னு எல்லாரும் எழுதுறாங்க, யாருக்கு ஆகாதுன்னும் ஒரு வரி எழுதுங்க. புக் படிக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆன ஒருத்தருக்கு 900 பக்க நாவலை "கட்டாயம் வாசிக்கவும்"னு குடுத்தா அவர் அதோட வாசிப்பையே விட்டுடுவார், பாத்திருக்கேன்.

கதை முடிவைப் பேசியே ஆகணும்னா மறைச்சுப் பேச வழி இருக்கு. டெலிகிராம்ல வார்த்தையை செலக்ட் பண்ணி ஸ்பாய்லர்னு குடுத்தா தொட்டாத்தான் தெரியும். குட்ரீட்ஸ்ல ரிவ்யூ முழுசையும் மறைக்கிற டிக் பாக்ஸ் இருக்கு. ஃபேஸ்புக்ல போஸ்ட்ல விட்டுட்டு கமெண்ட்ல "முடிச்சவங்க மட்டும்"னு தலைப்பு வச்சு பேசுங்க. வாட்ஸாப்ல மேல எச்சரிக்கை போட்டு பத்து வரி இடம் விட்டு எழுதுறதுதான் எங்க குரூப் பழக்கம்.

அட்டையை போட்டோ எடுத்துப் போடலாம். ஒரு பத்தி மேற்கோள் போடலாம், விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்துக்காட்டுறதை 1957 காப்பிரைட் சட்டமே 52-வது பிரிவுல அனுமதிக்குது. ஆனா "எனக்குப் பிடிச்ச பக்கங்கள்"னு பன்னெண்டு பக்கம் போட்டோ எடுத்துப் போடுறது மேற்கோள் இல்ல.

6. ஸ்டார் விஷயம்

குட்ரீட்ஸ்ல 3 ஸ்டார்னா "பிடிச்சிருந்தது"ன்னு அர்த்தம், மவுஸை மேல வச்சா அதுவே சொல்லும். 2 கூட "பரவால்ல"தான். ஆனா நம்மாளுங்களுக்கு 3-ன்னா பார்டர்ல பாஸ். நான் ஒரு புது எழுத்தாளரோட கதைத் தொகுப்புக்கு நல்லா இருந்துச்சுன்னு 3 போட்டேன், அவர் நண்பர் ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்து "அப்படி என்ன தோழர் உங்களுக்கு கோவம்?"னு கேட்டார். அதுலருந்து ப்ரொஃபைல்லயே என் கணக்கு என்னன்னு எழுதி வச்சுட்டேன்.

அரை ஸ்டார் அங்க கெடையாது. கால் ஸ்டார் கணக்குல போடணும்னா ஸ்டோரிகிராஃப்னு இன்னொரு தளம் இருக்கு, குட்ரீட்ஸ்ல இருக்கிற உங்க லிஸ்டை ஃபைலா இறக்கி அங்க ஏத்திக்கலாம். அந்த ஃபைலை எப்படியும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இறக்கி வச்சுக்கோங்க, அக்கவுண்ட் போனா கணக்கும் போயிடும். ஸ்டார் போடாம ரிவ்யூ மட்டும் எழுதவும் முடியும், கவிதைப் புக்குக்கு நான் அப்படித்தான்.

7. பிடிக்கலன்னா

தமிழ்ல வாசிப்பு உலகம் ரொம்பச் சின்னது. நீங்க திட்டுற புக்கோட ஆசிரியர் அதே குரூப்ல இருப்பார், இல்லன்னா அவர் பதிப்பாளர் இருப்பார், ரெண்டும் இல்லன்னா அவரோட பெரிய ரசிகர் அட்மினா இருப்பார். அதுக்காக பொய் சொல்ல வேண்டாம்.

புக்கை மட்டும் பேசுங்க, ஆளைப் பேசாதீங்க. "மொக்கை"ன்னு சொல்லாம எந்த எடத்துல, எதனால மொக்கையா இருந்துச்சுன்னு சொல்லுங்க. "120-லருந்து 180 வரைக்கும் அதே சண்டை மூணு தடவை வருது"ன்னா யாரும் கோவப்பட முடியாது, புக்கைத் திறந்து பாத்துக்கலாம். பாதில விட்டீங்கன்னா எத்தனாவது பக்கத்துல விட்டீங்கன்னு சொல்லுங்க, பாதி படிச்சுட்டு முழுப் புக்குக்கும் தீர்ப்பு எழுதாதீங்க. குறை சொல்ற போஸ்ட்ல ஆசிரியரை டேக் பண்ணாதீங்க, அது அவர் வீட்டு வாசல்ல போயி கத்துற மாதிரி.

ஆசிரியரே கமெண்ட்ல வந்துட்டா? ஒரு தடவை மரியாதையா பதில் சொல்லுங்க, "படிச்சப்போ எனக்குத் தோணினது இது சார்". அதோட நிறுத்திக்கோங்க. ரெண்டாவது பதில்லருந்துதான் சண்டை. அப்புறம் அது ஆசிரியரோட சாதி, கட்சி, யாரோட கோஷ்டின்னு போயி, 140-வது கமெண்ட்ல பாத்தா புக் பேரே யாருக்கும் ஞாபகம் இருக்காது. நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிட்டு சாப்பிடப் போங்க.

8. சிபாரிசு கேக்கறதும் குடுக்கறதும்

"நல்ல புக் சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்"னு கேட்டா அறுபது கமெண்ட் வரும், அறுபதும் அதே பத்து புக்தான். கேக்கும்போது உங்களுக்குப் புடிச்ச கடைசி மூணு புக், பாதில விட்ட ஒரு புக், எத்தனை பக்கம் வரைக்கும் ஓகே, பட்ஜெட், அச்சா கிண்டிலா, இதைச் சொல்லுங்க. அந்த பாதில விட்ட புக் எதுன்னு சொல்றதுதான் எல்லாத்தையும் விட உதவும்.

குடுக்கும்போது ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. இருபது புக் லிஸ்ட் போட்டா அவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு ஒண்ணும் வாங்க மாட்டார். நீங்க படிக்காத புக்கை சிபாரிசு பண்ணாதீங்க. இதை எழுத வேண்டியிருக்கு பாருங்க, ஆனா நெறைய நடக்குது.

9. பிடிஎஃப் கேக்காதீங்க, குடுக்காதீங்க

இந்தியாவுல ஆசிரியர் வாழ்நாளும் அவர் இறந்து 60 வருஷமும் காப்பிரைட் இருக்கு. தெரிஞ்சே மீறினா 63-வது பிரிவுல ஆறு மாசத்துலருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000-த்துலருந்து ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. நான் ஃபார்வர்டு மட்டும்தான பண்ணேன்னு சொல்லித் தப்பிக்கலாம்னு நெனக்காதீங்க. கேஸை விடுங்க, தமிழ்ல பல புக் முதல் பதிப்பே சில நூறு காப்பிதான் அடிக்கிறாங்க, அந்த பிடிஎஃப் ஆயிரம் பேர் கைக்குப் போனா ரெண்டாம் பதிப்புக்கு வழி ஏது.

காசில்லன்னா நேர்மையான வழி இருக்கு. மதுரைத் திட்டம்ங்கிற இணையதளத்துல 1998-லருந்து பழைய நூல்களை இலவசமா போட்டுட்டு இருக்காங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல நாட்டுடைமை நூல்களும் அரிய பழைய புக்கும் குவிஞ்சு கெடக்கு. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துல ஆசிரியரே பகிர அனுமதி குடுத்த புக் நெறைய இருக்கும். யாராவது பிடிஎஃப் கேட்டா திட்டாம இந்த மூணையும் சொல்லுங்க, அவங்களுக்குத் தெரியாமதான் கேக்குறாங்க, எனக்கும் அப்போ தெரியாது.

10. ஓசிப் புக் வந்தா

பத்து போஸ்ட் நல்லா எழுதினீங்கன்னா யாராவது ஒருத்தர் "உங்களுக்கு ஒரு பிரதி அனுப்புறேன், படிச்சுட்டு ரெண்டு வார்த்தை எழுதுங்க"ன்னு வருவார். வாங்கிக்கலாம், ஆனா வாங்குறதுக்கு முன்னாடியே "பிடிக்கலன்னாலும் எழுதுவேன், எழுதாமலும் இருப்பேன்"னு மெசேஜ்ல சொல்லிடுங்க. எழுதும்போது முதல் வரியிலயே "இந்தப் புக் ஆசிரியர் அனுப்பினது"ன்னு போடுங்க. இலவசமா வந்த பொருளைப் பத்தி எழுதினா அதை வெளிப்படையா சொல்லணும்னு விளம்பரத் தரக் கவுன்சிலோட 2021 வழிகாட்டுதல்லயே இருக்கு. அமேசான்ல நண்பர், சொந்தக்காரர் புக்குக்கு ரிவ்யூ போட அவங்க விதியே விடாது, தூக்கிடுவாங்க.

உங்ககிட்ட காசு கேட்டு "ரிவ்யூவர் ஆக்குறோம்"னு யாராவது வந்தா ப்ளாக் பண்ணுங்க.

11. செலவு, நேரம், பார்சல்

குரூப், குட்ரீட்ஸ், ஸ்டோரிகிராஃப் எல்லாம் இலவசம். செலவு புக்குக்குத்தான், அது கட்டுக்கு அடங்காம போகும். எனக்கு முதல் ரெண்டு மாசத்துல அடுத்தவங்க போஸ்டைப் பாத்தே 6,000 ரூபா போச்சு, அதுல பாதி இன்னும் பிரிக்கல. ஒரு புக்கை மூணு வேற வேற ஆள் சொன்ன பிறகுதான் வாங்குறதுன்னு இப்ப ஒரு கட்டுப்பாடு. அவசரம் இல்லாததை ஜனவரி சென்னை புத்தகக் காட்சிக்கோ உங்க மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கோ தள்ளி வைங்க, 10 சதவீதம் கழிவு கெடைக்கும்.

ஒரு போஸ்ட் எழுத எனக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகுது. முடிச்ச அன்னைக்கே எழுதாதீங்க, ரெண்டு நாள் விடுங்க, அந்த ரெண்டு நாள்ல எது மறந்து போகலையோ அதை எழுதினா போதும். ஒரு வாரத்துக்கு மேல விட்டா பாத்திரம் பேரே மறந்துடும். புத்தகக் காட்சி நடக்கிற நாள்ல போடாதீங்க, எல்லாரும் வாங்கின புக்கை அடுக்கி போட்டோ போடுவாங்க, அந்த வெள்ளத்துல உங்களுது காணாம போயிடும்.

குரூப்ல புக் மாத்திக்கிற பழக்கம் இருந்தா அட்ரஸை கமெண்ட்ல போடாதீங்க, இன்பாக்ஸ்ல மட்டும். அனுப்பும் முன்னாடி அட்டை, முதுகு, கிழிஞ்ச பக்கம் இருந்தா அது, எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிடுங்க, எந்தத் தேதிக்குள்ள திரும்பி வரணும்னும் எழுத்துல பேசிடுங்க. தபால்ல பழைய பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரோட நின்னு போச்சு, அதைக் கேட்டு நிக்காதீங்க. 2025 மே மாசத்துலருந்து ஞான் போஸ்ட்னு ஒண்ணு இருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 5 கிலோ வரைக்கும் போனாலும் 100 ரூபா, வரி தனி. ட்ராக் பண்ணலாம், ஆனா தரை வழியாத்தான் போகும், அதனால அவசரத்துக்கு ஆகாது. எந்த மாதிரி புக் அதுல போகும்னு கட்டுப்பாடு உண்டு, உள்ள விளம்பரம் இருக்கிறது எல்லாம் எடுக்க மாட்டாங்க, அதனால பார்சலை ஒட்டிட்டுப் போகாம திறந்தபடி கொண்டு போயி காட்டிட்டு அங்கேயே ஒட்டுங்க. மழை மாசமா இருந்தா முதல்ல பிளாஸ்டிக் கவர், அதுக்கு மேல அட்டை, அதுக்கு மேல பழுப்புத் தாள். ரசீதுல இருக்கிற நம்பரை போட்டோ எடுத்து அன்னைக்கே அவருக்கு அனுப்பிடுங்க, ரசீது பேண்ட் பாக்கெட்டோட வாஷிங் மெஷினுக்குள்ள போயி என்னோட ஒரு பார்சல் எங்க இருக்குன்னே தெரியாம இருபத்தி மூணு நாள் முழிச்சிருக்கேன்.